தண்ணீர்க் கெண்டிக்கு விழா எடுக்கும் ஊர்

கேள்வி இது: "வரும் கோடையில் குடும்பத்தோடு பார்சிலோனா போகிறோம். ஸ்பெயினில் பாரம்பரிய மண்பாண்டத் திருவிழா ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எந்த ஊருக்குப் போகலாம், அங்கே எதைப் பார்ப்பது, எதை வாங்குவது, உடையாமல் எப்படிக் கொண்டுவருவது?"

பார்சிலோனா வரைக்கும் போகிறீர்கள் என்றால் நான் சொல்லும் ஊர் அர்ஜென்தோனா. பார்சிலோனாவிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடலோரத்தில் மத்தாரோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அதிலிருந்து சற்று உள்ளே தள்ளி, குன்றுகளின் அடிவாரத்தில் இந்தச் சிற்றூர். ஸ்பெயினில் தட்டுக்கும் சுவர் ஓட்டுக்கும் பேர்போன ஊர்கள் நிறைய உண்டு. அர்ஜென்தோனா அப்படிப்பட்ட ஊர் அல்ல. தண்ணீர் குடிக்கிற ஒரு மண்பாத்திரத்துக்கு விழா எடுக்கிற ஊர் அது. அந்தப் பாத்திரத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.

பாத்திரத்தின் பெயர் அந்தப் பகுதியின் கத்தலான் மொழியில் 'கான்திர்'. எழுத்தில் கடைசியில் 'ர்' உண்டு. பேச்சில் அது விழுந்துவிடும். ஊர்க்காரர்கள் சொல்லும்போது 'கான்தி' என்றுதான் நம் காதில் விழும். ஸ்பானிய மொழியில் இதே பாத்திரம் 'போத்திஹோ'. நம் கெண்டியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். உருண்டை வயிறு, உச்சியில் வளையம் போல ஒரு பிடி, ஒரு பக்கம் நீர் நிரப்ப அகன்ற வாய், எதிர்ப்பக்கம் குடிக்க மெல்லிய மூக்கு. கெண்டி, கான்தி என்று ஒலி நெருங்கி வருவதைக் கேட்டு ஒரே சொல்தானோ என்று தோன்றும். உறவு எதுவும் கிடையாது. கான்திர் என்பது 'காந்தரோஸ்' என்ற கிரேக்கக் கோப்பைப் பெயரிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கெண்டியின் வேர் 'குண்டிகா' என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருக்கிறது.

ஆனால் குடிக்கும் முறையில் உறவு இருக்கிறது. உதடு படக்கூடாது. தலையை அண்ணாந்து, பாத்திரத்தை மேலே தூக்கி, மூக்கிலிருந்து விழும் மெல்லிய தாரையை வாயில் வாங்க வேண்டும். மூக்குக்கு அவர்கள் மொழியில் 'கலெத்' என்று பெயர். இப்படிக் குடிப்பதைக் 'கலெத்தில் குடிப்பது' என்றே சொல்கிறார்கள். வயலிலும் பட்டறையிலும் பத்துப் பேருக்கு ஒரே பாத்திரம் என்றால் எச்சில் படாமல் குடிப்பதுதானே வழி? நான் முதல்முறை போனபோது ஒரு கடையில் வெயிலுக்குக் குடிக்கக் கான்தியை நீட்டினார்கள். சட்டை நனையாமல் நான் குடித்ததைப் பார்த்துக் கடைக்காரப் பெரியவர் கைதட்டிவிட்டார். வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் மூக்கு வழியாகவும் கழுத்து வழியாகவும் குடிப்பார்களாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இந்தக் கைதட்டல் நிச்சயம்.

சரி, விழாவுக்கு வருவோம். இதில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று ஊரின் சொந்த விழா. ஆகஸ்ட் 4, புனித தொமேனெக் நாள். டொமினிக்கன் சபையை நிறுவிய அதே புனிதர்தான். கத்தோலிக்க நாட்காட்டி 1969-இல் திருத்தப்பட்டபோது அவருடைய நாள் ஆகஸ்ட் 8-க்கு மாறிவிட்டது. அர்ஜென்தோனா மட்டும் பழைய 4-ஆம் தேதியை விடவில்லை. இங்கே அவர் நீரூற்றுகளைக் காப்பவர். அன்றைக்கு ஊற்று நீருக்கும் கான்திகளுக்கும் ஆசி வழங்குவார்கள். 1951 முதல் ஒவ்வோர் ஆண்டும் 'இந்த ஆண்டின் கான்தி' என்று ஒன்றைச் செய்வித்து அந்த நாளில் விற்கிறார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய மண்பாண்ட ஊரின் வடிவத்தை எடுத்து அப்படியே திருப்பிச் செய்வது வழக்கம். அங்குள்ள வீடுகளில் அலமாரி முழுக்க வருஷ வாரியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். தாத்தா வாங்கத் தொடங்கியதைப் பேரன் இன்னும் வாங்கிக்கொண்டிருப்பான்.

இன்னொன்று பன்னாட்டு மண்பாண்டச் சந்தை. ஒரு வார இறுதி முழுக்க ஊரின் மையத் தெருக்களில் கைவினைஞர்கள் கடை போடுவார்கள். பல நாடுகளிலிருந்து வருவார்கள். இதன் தேதியை ஊராட்சி ஒவ்வோர் ஆண்டும் தனியாக அறிவிக்கும். அது ஆகஸ்ட் 4-ஐ ஒட்டியே வரும் என்று எண்ணி விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்? வாங்குவதும் கைவினைஞர்களோடு பேசுவதும் நோக்கம் என்றால் சந்தை. ஊர் தன் வழக்கத்தை எப்படிக் கொண்டாடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் 4. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். சந்தையைப் போன்ற சந்தைகள் ஐரோப்பாவில் வேறு ஊர்களிலும் கிடைக்கும். புதுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிழவியும் சிறுவனும் ஊற்றடியில் ஒன்றாக நிற்கிற காட்சி அப்படிக் கிடைக்காது.

தண்ணீருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு பழையது. சுற்றிலும் ஊற்றுகள். அவற்றில் 'ஃபோந்த் பிக்காந்த்' என்ற ஊற்றின் நீர் இயற்கையாகவே சோடா போல நாக்கில் சுருக்கென்று கூசும். பெயருக்கே அதுதான் பொருள். பார்சிலோனாவின் வசதியான குடும்பங்கள் கோடையைக் கழிக்க இங்கே வந்ததற்கு இந்த நீரும் ஒரு காரணம். பார்சிலோனாவில் காசா அமத்லேர் மாளிகையைக் கட்டிய கட்டிடக் கலைஞர் ஜோசெப் புய்க் இ கடஃபால்க் மத்தாரோவில் பிறந்தவர். அவருடைய கோடைகால வீடு அர்ஜென்தோனாவில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் நின்று வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள், அதுவும் கடைகளுக்குள் நுழைவதற்கு முன்னால். 1975-இல் தொடங்கப்பட்ட 'மூசேவ் தெல் கான்திர்' ஆயிரக்கணக்கான கான்திகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பிக்காசோ செய்தவையும் அவற்றில் உண்டு. கூட்டம் அங்கேதான் நிற்கும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அதுவல்ல. ஸ்பெயினின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வந்த சாதாரண வீட்டுக் கான்திகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள், அங்கே நில்லுங்கள். ஒரே வேலைக்கான ஒரே பாத்திரம் மண்ணுக்கு மண் எப்படி மாறுகிறது என்பது அரை மணி நேரத்தில் கண்ணில் பதிந்துவிடும். அதன் பிறகு சந்தைக்குப் போனால் கடைகள் வேறு மாதிரி தெரியும்.

லேய்தா மாவட்டத்து வெர்து ஊரின் கான்தி கரிய நிறம். சாயம் கிடையாது. சூளையில் வேக்காடு முடியும் தறுவாயில் காற்று புகும் வழிகளையெல்லாம் அடைத்துவிடுவார்கள். காற்றில்லாமல் தீ திணறும்போது புகையும் கரியும் மண்ணுக்குள் இறங்கிப் பாத்திரம் உள்வரை கறுத்துப்போகும். கத்தலோனியாவில் ஜிரோனா பக்கத்துக் குவார்த் ஊரிலும் கரிய பாண்டம் செய்கிறார்கள். அலிகாந்தே பக்கத்து அகோஸ்த் ஊரின் போத்திஹோ இதற்கு நேர் எதிர், வெளுப்பு. அங்கே களிமண்ணைப் பிசையும்போதே உப்பு சேர்ப்பார்கள். உப்பு மண்ணுக்கு வெளிர் நிறம் தருகிறது, நுண்துளைகளையும் கூட்டுகிறது. துளை கூடினால் நீர் நன்றாகக் கசியும், நன்றாகக் குளிரும்.

குளிர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் கான்தித் தண்ணீர் குளிர்வதும் ஒரே கணக்குத்தான். உள்ளிருக்கும் நீர் மண்சுவர் வழியாகக் கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்குகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது வேண்டிய வெப்பத்தை உள்ளே மிச்சமிருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க இரண்டு கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். 'போத்திஹோவின் இயக்கத்தைவிட எளிது' என்று ஸ்பானியர்கள் எளிமைக்கு உவமை சொல்வார்கள். மத்ரித் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் பின்டோவும் ஹோசே இக்னாசியோ சுபிசர்ரேத்தாவும் 1995-இல் அந்த எளிய இயக்கத்துக்குச் சமன்பாடுகள் எழுதிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 39 டிகிரி சூட்டில் வைத்த போத்திஹோவின் நீர் ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 டிகிரி குறைந்தது. நீர் வெகுவாகக் குறைந்த பிறகு சூடு மறுபடி ஏறத் தொடங்கும் என்பதையும் அவர்கள் கணக்கு காட்டியது. ஆகவே பாத்திரத்தை அடிக்கடி நிரப்பி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இந்தக் கணக்கில் காற்றின் ஈரமும் சேர்த்தி. காற்று வறண்டிருந்தால் ஆவி வேகமாகப் போகும். ஸ்பெயினின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் போத்திஹோ அற்புதமாகக் குளிர்வதும், அர்ஜென்தோனா மாதிரிக் கடலோர ஊரில் கொஞ்சம் மட்டுப்படுவதும் இதனால்தான். உங்கள் வீடு மதுரையிலா சென்னையிலா என்பதைப் பொறுத்து நீங்கள் கொண்டுவரும் கான்தியும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

எனவே வாங்கும்போது முதல் கேள்வி: கிளேஸ் என்கிற கண்ணாடி போன்ற மெருகு பூசியதா, பூசாததா? கடையில் கண்ணைப் பறிப்பவை பச்சையும் மஞ்சளுமாகப் பளபளக்கிற கிளேஸ் கான்திகள். அவை நீரைக் கசியவிடாது, ஆகவே குளிரவைக்காது. குளிர்காலத்துக்கென்று அப்படிச் செய்தார்கள். அலங்காரத்துக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் வெறும் மண் நிறத்தில், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதை எடுங்கள். அப்புறம், பானை வாங்குகிற பழக்கம் உள்ள யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை: விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. சொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. அங்கேயும் கடைக்காரரே தட்டித்தான் காட்டுவார். மூக்கும் பிடியும் வயிற்றோடு ஒட்டுகிற இடத்தைத் தனியாக உற்றுப் பாருங்கள். விரிசல் விட்டால் அங்கேதான் விடும்.

ஏன் அங்கே என்பதைச் சக்கரத்தின் முன்னால் நின்றால் தெரிந்துகொள்ளலாம். எங்கே செய்து காட்டுகிறார்கள் என்று விசாரித்து, ஒரு கான்தி முழுதாக எழும்பும் வரை பொறுமையாக நில்லுங்கள். பானைக்கு வாய் திறந்தே இருக்கும். கை உள்ளே போய் வரலாம். கான்தி அப்படி இல்லை. சுழலும் மண்ணை மேலே எழுப்பி, தோள்பட்டையை உள்பக்கமாக வளைத்து, உச்சியில் துளையே இல்லாமல் மூடிவிடுவார்கள். மூடிய கணத்தில் உள்ளே காற்று அடைபட்டுப்போகும். அந்தக் காற்றுதான் பச்சை மண் சரியாமல் தாங்குகிறது. வெளியிலிருந்து கைவினைஞர் அழுத்தினால் பலூன் போல வடிவம் மாறிக் கொடுக்கும். அந்தக் கணத்தைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடி மறுபடி போய் நின்றிருக்கிறேன். மண் அரை ஈரமாக உலர்ந்த பிறகு வயிற்றில் இரண்டு துளை இட்டு, தனியே செய்த வாயையும் மூக்கையும் ஒட்டி, பிடியை வளைத்து வைப்பார்கள். ஒட்டும் பாகமும் வயிறும் ஒரே அளவு ஈரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது ஒன்று முன்னே சுருங்கும், மற்றது பின்னே சுருங்கும், இணைப்பு பிளந்துவிடும்.

சந்தையைப் பற்றி என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் பெரும்பகுதி இன்றைய ஸ்டுடியோ கலைஞர்களுடையது: பீங்கான் கோப்பைகள், சிற்பங்கள், நகைகள். நல்ல வேலைப்பாடுதான், எனக்கு அவர்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனால் 'தெர்ரிஸ்ஸேர்' என்று சொல்லப்படும் பரம்பரைக் குயவர்களின் கடைகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பிரிட்ஜும் பிளாஸ்டிக் பாட்டிலும் வந்ததும் கான்திக்கு வீட்டில் வேலை போய்விட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கும் சக்கரத்தில் கான்தி எழுப்பத் தெரிந்தவரிடம் நேரில் காசு கொடுத்து வாங்குவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பேரம் பேச வேண்டாம், அங்கே வழக்கமும் இல்லை. 'குவான் வால்?' என்றால் கத்தலானில் 'என்ன விலை?'. இந்த இரண்டு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிடும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடைகள் மூடிவிடக்கூடும். காலையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் வெயில் தணிந்து மாலையில். ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழகியதுதான் என்றாலும் தொப்பி வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு வருவதாகச் சொன்னீர்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு 'ஏமாற்றுக் கான்தி' என்ற வகையைக் காட்டுங்கள். கழுத்திலும் பிடியிலும் பல துளைகள் இருக்கும். எந்தத் துளையை விரலால் அடைத்து எதில் குடிப்பது என்று தெரியாமல் சாய்த்தால் மேலெல்லாம் நனைந்துவிடும். பிடிக்குள்ளேயே குழாய் மாதிரி வழி ஒளிந்திருக்கும். பழைய குயவர்கள் தங்கள் கைத்திறனைக் காட்டச் செய்தவை இவை.

போகும் வழி எளிது. பார்சிலோனாவின் பிளாசா கதலூன்யாவிலிருந்து ஆர் 1 புறநகர் ரயில் மத்தாரோவுக்குப் போகிறது, முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம். ரயில் கடற்கரையை உரசிக்கொண்டே ஓடும். போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். ஐபீரிய மண்ணில் போடப்பட்ட முதல் ரயில் பாதை இது, 1848-இல் திறந்தார்கள். அர்ஜென்தோனாவுக்கு ரயில் கிடையாது. மத்தாரோவில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். தூரம் நான்கைந்து கிலோமீட்டர்தான். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால் ஜிரோனா பக்கத்து லா பிஸ்பால் ஊருக்கும் போய்வரலாம். ஒரு தெரு முழுக்க மண்பாண்டக் கடைகள், பழைய ஆலையில் ஓர் அருங்காட்சியகம். ஒருவேளை உங்கள் பயணம் ஜூலைக்கு மாறி வலென்சியா பக்கம் போவதாக இருந்தால் மனிசெஸ் ஊரை விடாதீர்கள். மூன்றாவது முறை புகைத்தீயில் சுட்டுப் பொன் மினுமினுப்பு ஏற்றுகிற பாண்டத்துக்கு 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகள் போட்டி போட்டது அந்த ஊரிடம்தான். ஜூலை நடுவில், குயவர்களின் காவல் புனிதைகளான ஹுஸ்தா, ருஃபீனா சகோதரிகளின் விழாவையொட்டி அங்கே ஓர் ஊர்வலம் வரும். வண்டிகளிலிருந்து மக்களுக்கு மண்பாண்டங்களை வாரி வழங்குவார்கள். கூட்டத்தில் முண்டியடிக்கத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான்.

இனி வீட்டுக்குக் கொண்டுவருவது. என் முதல் கான்தியை நானே உடைத்தேன். பெட்டியின் நடுவில் துணி சுற்றித்தான் வைத்திருந்தேன். வயிறு தப்பித்தது, மூக்கு போய்விட்டது. ஊற்றுக்குப் போய்ப் போய் ஒருநாள் குடம் உடையும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. என்னுடையது ஊற்றையே பார்க்காமல் உடைந்தது. அதிலிருந்து நான் கற்றது: கைப்பையில் எடுத்து வாருங்கள், காலியாக, ஈரம் இல்லாமல். உள்ளே எதையும் திணிக்காதீர்கள். மூக்கைச் சுற்றி ஒரு காலுறையைத் தளர்வாக மாட்டி, அதற்கும் வெளியே அட்டைக் குழல் ஒன்றைப் பொருத்துங்கள்; அட்டை மூக்கைத் தொடக்கூடாது. பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். பிடியில் தூக்கிப் பழகுவது வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே குடித்தால் பச்சை மண் வாசனை தூக்கலாக இருக்கும். அங்கே செய்வது இது: நீர் நிரப்பி, சில சொட்டு சோம்பு மது விட்டு, சில நாள் வைத்துக் கொட்டிவிடுவார்கள். சோம்பு மது இல்லையென்றால் ஒரு பிடி சோம்பைக் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்டி ஊற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், மண் வாடை போய்விட்டது. பிறகு நல்ல நீர் நிரப்பி, வெயில் படாத, காற்றோட்டமான ஜன்னல் பக்கம், அடியில் ஒரு தட்டு வைத்து உட்கார வையுங்கள். சோப்பு போட்டுக் கழுவவே கூடாது. துளைகளில் ஏறினால் இறங்காது. நம் கடின நீரில் நாளடைவில் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும், துளைகளும் அடைபடும். அப்போது தேங்காய் நாரால் வெறும் நீரில் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் நிரப்புங்கள். முதல் நிரப்பலுக்குச் சில மணி நேரம் கழித்துப் புறங்கையால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் சில்லிப்பும் தெரிந்தால் கான்தி வேலையைத் தொடங்கிவிட்டது, குடிக்கலாம்.